ஊற்றங்கரையில் நாற்பது மாடுகள்

மலைச்சரிவைப் பூங்காவாக்கலாமா என்று பார்க்க அதிகாரியம்மாள் வர இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. ஊற்றங்கரையில் ஆர்லோ பிங்காமின் நாற்பது மாடுகளும் சேற்றை மிதித்துச் சாணி போட்டுக்கொண்டு நின்றன.

"போச்சு! இந்தக் கண்றாவியைப் பார்த்தா மாடு நிலத்தைக் கெடுக்குதுன்னு எழுதிடுவா. இது பார்க் ஆயிடும். அப்புறம் மாட்டையெல்லாம் வித்துத் தொலைக்க வேண்டியதுதான்!" என்றார் ஆர்லோ.

அரசாங்க நிலம்தான். ஆனால் யூட்டாவின் அந்த மலைச்சரிவில் தாத்தா காலத்திலிருந்து பிங்காம் மாடுகள்தான் மேய்ந்தன. மேய்ச்சல் அனுமதிக்காக, வருடா வருடம் ஜூனில் ஒரே பாறைமேல் நின்று நிலத்தைப் படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அதில் ஆர்லோவை மிஞ்ச ஆளில்லை. நல்ல வெளிச்சத்துக்காக அரை நாள் காத்திருப்பார்.

"எதுக்குய்யா புலம்பறே? ஜூன்ல வழக்கமா பண்றதைப் பண்ணு. மேட்டுக்கு அந்தாண்டை விரட்டு," என்றாள் மனைவி லவோன்.

விரட்டினார். சாணியை அள்ளி, சேற்றை மண்வெட்டியால் நிரவினார். ஜீப் வந்தது.

"அடேயப்பா! மாடு வந்துபோன தடமே இல்லையே!" 'பார்க்குக்கு ஏற்ற இடம்' என்று அதிகாரியம்மாள் நோட்டில் எழுதினாள்.

ஆர்லோ பதறிப்போனார். "ஐயோ, இருக்கும்மா! நிறைய இருக்கு!" என்று மேட்டைப் பார்த்துக் கூவினார். மாடு ஒன்றும் அசையவில்லை. புதரிலிருந்து முப்பது காட்டுக்கோழிகள்தான் எழும்பின.

"அழிஞ்சே போச்சுன்னு நினைச்சோமே!" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு பக்கம் எழுதினாள்.

"கோழி சும்மா வரலைம்மா. ஊத்துக்கண்ணை மட்டும் மாடு மிதிக்காம வேலி போட்டது நான். மூணு வருஷத்துக்கு ஒரு தடவை புல்லுக்கு ஓய்வு விட்டதும் நான்தான்!"

"நீங்கதானா? ரொம்ப நன்றி. இனிமே நாங்க பார்த்துக்கறோம்."

ஆர்லோ மேட்டையே பார்த்தார். சேற்றைச் சேறாகவே விட்டிருக்கலாம். வாயையாவது மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கன்றாய்ப் பிறந்த நாளிலிருந்து பெயர் வைத்து வளர்த்த மாடுகளை எந்தச் சந்தையில் கொண்டுபோய் நிறுத்துவது?

"இவ்வளவு பெரிய மலையில எங்க இடம் எப்படிம்மா உங்க கண்ணுல பட்டுது?" என்றார்.

ஜீப்பைத் திருப்பிக்கொண்டிருந்த டிரைவர் தலையை நீட்டினார்.

"நீங்க அனுப்பின படத்தைப் பார்த்துத்தான் ஐயா! இருபத்தெட்டு வருஷப் படமும் ஆபீஸ் சுவத்துல வரிசையா மாட்டியிருக்கு. ஒண்ணுலகூட ஒரு மாடு இல்லையா, அனுமதி இருந்தும் யாரும் மேய்க்காத இடம்னுல்ல நினைச்சோம்!"