பெரிய மாமனார் பாதமும் என் நெஞ்செரிச்சலும்

அன்று என் வயிறு செய்த குற்றத்தைவிட வாய் செய்த குற்றம்தான் பெரிது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எனக்கு இருபது வயதிலிருந்தே நெஞ்செரிச்சல். சாப்பிட்டுவிட்டுக் குனிந்தால் போதும், உள்ளே போனது புளித்துக்கொண்டு தொண்டைக்கு வந்துவிடும். "அரை வயிறு சாப்பிடுங்க. சாப்பிட்டதும் குனியாதீங்க, படுக்காதீங்க" என்று கோயமுத்தூர் டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டார். நான் தலையை ஆட்டிவிட்டு, சட்டைப் பையில் சோடா மாவுப் பொட்டலத்தோடு அலைந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் எனக்குப் பெண் பார்த்தபோதும் பெண் வீட்டாரிடம் மூச்சு விடவில்லை. (சீக்காளி மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டால்?)

கல்யாணமான எட்டாம் நாள், சோமனூரில் மாமனாரின் அண்ணன் வீட்டில் விருந்து. அவர் மனைவி, அதாவது பெரிய அத்தை, விடிவதற்கு முன்பே எழுந்து இடியாப்பம் மாதிரி சந்தகை பிழிந்து, அதற்குத் தேங்காய்ப்பால் எடுத்து, ஒப்பிட்டு என்கிற போளியும் தட்டியிருந்தார். புது மாப்பிள்ளை சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மற்றவர்கள் உட்கார வேண்டும்.

"இன்னொண்ணு வெச்சுக்குங்க மாப்ளெ."

"போதுங்க அத்தை."

"அதென்னுங்க போதும்!"

நெய் சொட்டச் சொட்ட ஆறு ஒப்பிட்டு. (ஏழு. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?)

கை கழுவியதும் பெரிய மாமாவும் அத்தையும் கிழக்கே பார்த்து நின்றார்கள். நானும் என் மனைவி சரசுவும் காலில் விழுந்தோம். சரசு எழுந்துவிட்டாள். நான் எழுவதற்குள் வயிறு முந்திக்கொண்டது. மாமாவின் இரண்டு பாதங்களும் நனைந்தன, வேட்டிக் கரையும் நனைந்தது.

அப்போதாவது அந்தப் பாழாய்ப்போன வாய் சும்மா இருந்ததா? "தேங்காப்பாலு புளிச்சுப்போச்சாட்ட இருக்குதுங்க அத்தை" என்றேன்.

அத்தையின் முகம் செத்துவிட்டது. பால் குண்டாவைத் தூக்கிக்கொண்டு போய்ப் புழக்கடையில் கொட்டினார். பசியோடு காத்திருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி அவர் திரும்பி வந்தார்.

எட்டு நாளாக என்னிடம் எட்டு வார்த்தை பேசாத சரசு வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க, ஜோப்புல சோடா மாவ வெச்சுக்கிட்டு எங்க பெரியம்மா மேல பழி போடறீங்களா? தெனமும் நீங்க அதக் கரைச்சுக் குடிக்கறதப் பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன்!"

பூமி பிளக்காதா என்று பார்த்தேன். பிளக்கவில்லை. "பாலு நல்லாத்தான் இருந்துச்சுங்க அத்தை. எனக்குத்தான் சீக்கு. பொய் சொல்லிப்போட்டேன்" என்றேன்.

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து கையில் கொடுத்து, "இதச் சொல்றதுக்கு என்னுங்க மாப்ளெ? மொதல்ல வாயக் கொப்பளிங்க" என்றார். நான் அழுதுவிட்டேன்.

அதன் பிறகு டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் செய்தேன். அரை வயிற்றுச் சாப்பாடு, சாப்பிட்டபின் எங்கள் வீட்டுப் பக்கத்துத் துடியலூர் ரோட்டில் ஒரு நடை, கட்டில் தலைமாட்டுக்குக் கீழே இரண்டு செங்கல். எரிச்சல் பெரும்பாலும் அடங்கிவிட்டது.

சோமனூர் வீட்டில்தான் அடங்கவில்லை. எப்போது போனாலும் அத்தை எனக்கு ஊற்றுவதற்கு முன் தேங்காய்ப்பாலைத் தம் உள்ளங்கையில் கொஞ்சம் விட்டுக் குடித்துக் காட்டி, "புளிக்கலீங்க மாப்ளெ" என்பார். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன், அவர் முகத்தைப் பார்க்காமல்.