கூட்டுப்புழு காலி செய்த மெஸ்

காரைக்குடியில் ஒரே ஒரு சொல்லால் ஒரு மெஸ்ஸையே காலி செய்தவர் பதவுரை அண்ணன் மட்டும்தான். அச்சகத்தில் பிழை திருத்துபவர். எந்தச் சொல் காதில் விழுந்தாலும் பிரித்துப் பொருள் சொல்லாமல் விடமாட்டார் என்பதால் அந்தப் பெயர். "பஸ் லேட்டுண்ணே" என்றால் போதும், "சுணக்கம்னு சொல்லுங்க" என்று ஆரம்பிப்பார். சுணக்கத்தை அவர் விளக்கி முடிப்பதற்குள் பஸ் வந்து போயிருக்கும். கண்டனூர் பஸ்ஸை அப்படி நான் மூன்று முறை விட்டிருக்கிறேன்.

இருவருக்கும் மதியச் சாப்பாடு செல்வி அக்கா மெஸ்ஸில். ஒரு நாள் நல்ல கூட்டம். எல்லார் இலையிலும் சௌசௌ கூட்டு. கை கழுவக் கொல்லைப்பக்கம் போன அண்ணன், தாளிக்கக் கறிவேப்பிலை பறித்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்து அலறினார்.

"தாயி, கையை எடு! கூட்டுப்புழு!"

உள்ளே அத்தனை கைகளும் அப்படியே நின்றன. "கூட்டுல புழுவாம்ல!" என்று ஒருவர் இலையை மூடினார்.

அக்கா ஓடிவந்தார். "எம் பொழப்புல மண்ணப் போட்டுட்டீகளேண்ணே!"

அண்ணன் விளக்க ஆரம்பித்தார். அதுதான் இரண்டாவது தப்பு. "பதறாதீக. வீடு, வீட்டுப்பூனை. கூடு, கூட்டுப்புழு. கூட்டுக்குள்ள புழு இருக்கிறதாலதான் அந்தப் பேரே வந்துச்சு!"

மிச்சம் உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்துவிட்டார்கள்.

"அய்யா, இது செடியில இருக்க கூடு! பட்டாம்பூச்சியா வெளிய வரும்!" யாரும் கேட்பதாக இல்லை. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அதைப் பார்த்ததும், எனக்குத் தெரிந்து முதல் முறையாக, அண்ணன் பதவுரையைப் பாதியில் நிறுத்தினார். கூட்டுச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு கரண்டியாலேயே தின்னத் தொடங்கினார். சௌசௌ என்றாலே அவருக்கு ஆகாது. முகம் கோணக் கோண, நிறுத்தாமல் தின்றார்.

"எனக்கும் வைங்கண்ணே" என்று இலையை நீட்டினேன். அப்புறம் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள்.

"நாளையிலருந்து இங்குட்டு வந்துறாதீக" என்றார் அக்கா.

மறுநாள் அண்ணன் வாசலிலேயே தயங்கி நின்றார். "ஏன் நிக்கிறீக? உள்ள வாங்க" என்றார் அக்கா. கொல்லையில் அந்தக் கறிவேப்பிலைக் கொத்தை மட்டும் யாரும் பறிக்காதபடி சிவப்புத் துணி கட்டியிருந்தது.

அண்ணன் இப்போது மகளோடு மதுரையில் இருக்கிறார். கண்டனூர் பஸ்ஸை நான் தவறவிடுவதே இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.