கொற்கை இளவரசி கரை சேர்ந்த விவரம்

தூத்துக்குடித் துறைமுகத்துக்குத் தெற்கே, கடலோர உல்லாசப் பயண மேம்பாட்டு அலுவலகம் என்று ஒன்று இருந்தது. அதற்கு ஓர் உதவி இயக்குநர் இருந்தார். மேசைகள் இருந்தன, சுழல்நாற்காலி இருந்தது. ஜன்னலைத் திறந்தால் கடலும் இருந்தது. சாயங்காலம் மக்ரூன் பொட்டலம் வரும்போது ஓரளவு உல்லாசமும் இருந்தது. படகு மட்டும்தான் இல்லை. அந்தக் குறையைப் போக்க, வெளிநாட்டு இன்ஜின் வைத்த வெள்ளைப் படகு ஒன்று லாரியில் வந்து இறங்கியது. முத்துக் குளித்த பழம்பெருமை விளங்க வேண்டும் என்பதற்காக அதற்குக் ‘கொற்கை இளவரசி’ என்று பெயர் சூட்டினார்கள்.

ஓட்டுவதற்கு டயானாவை எடுத்தார்கள். வேம்பார்க்காரி. அப்பாவின் விசைப்படகில் ஏறி இறங்கி வளர்ந்தவள். படகோட்டும் உரிமமும் முறைப்படி வாங்கியிருந்தாள். ஆனால் வேலை கிடைத்ததற்கு அதெல்லாம் காரணமில்லை. அந்த வருஷம் ஒவ்வோர் அலுவலகமும் ‘முதல் பெண்’ என்று யாரையாவது மேடையேற்றிக் கொண்டிருந்தது. பக்கத்து அலுவலகத்தில் முதல் பெண் பொக்லைன் ஓட்டுநர் வந்துவிட்டார். இவர்கள் சும்மா இருக்க முடியுமா? தற்காலிக வேலைதான். படகைத் தொடங்கி வைத்ததும் நிரந்தரமாக்குவதாக வாக்குறுதி. டயானாவின் அம்மா மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். ஊரார் ‘கவர்மென்ட் கேப்டன்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

தொடக்க விழாவுக்கு முந்தின வாரம், உதவி இயக்குநர் வன்னியபெருமாள் பொதுநலன் கருதி ரீல்ஸ் எடுக்க முடிவு செய்தார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு படகின் முன்முனையில் இரண்டு கைகளையும் விரித்து நின்றார். தலைக்கு மேலே ட்ரோன் ரீங்கரித்தது.

“இன்னும் கரையோரமா போம்மா. பின்னாடி தண்ணி வெள்ளையா எந்திரிக்கணும்.”

“சார், அங்கன தண்ணி நிறம் மாறுது. ஆழம் இருக்காது.”

“வரைபடத்துல பதினஞ்சு அடி போட்டிருக்கு.”

“அப்பம் காலைத் தூக்கிக்கிட்டு மெதுவா போறேன் சார்.”

கால் என்று அவள் சொன்னது படகின் காலை. இந்த வகைப் படகில் இன்ஜின் உள்ளே இருக்கும்; பின்பக்கம் கால் மாதிரி ஒன்று தண்ணீருக்குள் தொங்கும். அவுட்டிரைவ் என்பார்கள். அதன் நுனியில்தான் புரொப்பல்லர். ஆழம் குறைந்த இடத்தில் அதைத் தூக்கிக்கொள்ள வேண்டும்.

“காலைத் தூக்கினா வேகம் வராதேம்மா! ட்ரோன்ல பேட்டரி போகுது. அழுத்து!”

டயானா அழுத்தினாள். நிரந்தரம் ஆகாதவர்கள் அழுத்தத்தான் வேண்டும்.

டமார் என்று ஒரு சத்தம். படகின் பின்பக்கம் துள்ளி விழுந்தது. இன்ஜின் வீறிட்டது. அவள் சட்டென்று நியூட்ரலுக்குத் தள்ளி இன்ஜினை அணைத்தாள். உதவி இயக்குநர் விரித்த கை விரித்தபடியே கடலுக்குள் போனார்.

அவள் அவுட்டிரைவை மேலே தூக்கிப் பார்த்தாள். புரொப்பல்லரில் ஓர் இதழைப் பாதி காணவில்லை. இன்னொன்று வாடிய வெற்றிலை மாதிரி சுருண்டிருந்தது. கீழே எண்ணெய் கசிந்து தண்ணீர்மேல் வானவில்லாகப் பரவியது.

அந்த வானவில்லின் நடுவே வன்னியபெருமாள் எழுந்தார். பதினைந்து அடி ஆழத்தில் இடுப்பளவு நின்றார்.

பக்கத்தில் வலையைத் தூக்கிக்கொண்டிருந்த வள்ளம் ஒன்று இளவரசியைக் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வந்தது. திரேஸ்புரத்தில் பட்டறை வைத்திருக்கும் மெல்வினுக்கு டயானா போன் போட்டாள். அவளுக்குப் பெரியம்மா மகன். வந்தான், குனிந்தான், அடியில் இருந்த திருகைக் கழற்றினான். கறுப்பாக வர வேண்டிய எண்ணெய் பால்காப்பி நிறத்தில் வடிந்தது.

“கியர்பெட்டி விரிசல் விட்டு உப்புத்தண்ணி உள்ள போயிட்டு. ஷாப்டும் வளைஞ்சிருக்கு. புரொப்பல்லரை மட்டும் மாத்தி ஆகாது. கீழ்ப்பாகம் முழுசா வரவழைக்கணும்,” என்றான். “ஏளா, அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ணிராத. நடுக்கடல்ல கியர் இறுகிச்சுன்னா அங்கனயே கெடக்க வேண்டியதுதான்.”

மறுநாள் அலுவலகத்தில் விசாரணை நடந்தது. வன்னியபெருமாள் வரைபடத்தை மேசைமேல் விரித்துவைத்திருந்தார்.

“அந்த இடத்துல ஆழம் பதினஞ்சு அடி. படகு தண்ணிக்குள்ள இறங்குறது மூணு அடி. மிச்சம் பன்னெண்டு அடிக்கு நீதான் பதில் சொல்லணும்.”

“சார், நீங்க விழுந்தப்பம் இடுப்பளவுதான இருந்துச்சு?”

“நான் விழலைம்மா. கள ஆய்வுக்காக இறங்கினேன்.”

“அடியில என்னமோ கெடக்கு சார். அதுலதான் இடிச்சுட்டு.”

“என்னமோன்னு ஒரு பொருள் அரசாங்கத்துல கிடையாது. அது என்னன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு. இல்லன்னா கவனக்குறைவுன்னு எழுதி உன்ன அனுப்புறதத் தவிர எனக்கு வேற வழியில்ல.” அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. முதல் பெண்ணை அனுப்பிவிட்டால் இரண்டாவது பெண்ணைத் தேட வேண்டும்.

டயானாவும் மெல்வினும் கண்ணாடி மாட்டிக்கொண்டு அதே இடத்தில் முங்கினார்கள். மெல்வின் முதலில் மேலே வந்தான். சிரிப்பு தாங்காமல் உப்புத்தண்ணீரைக் குடித்து இருமினான்.

“என்னண்ணே? பாறையா?”

“நீயே போய்ப் பாருளா.”

அவள் பார்த்தாள். வழவழப்பான கறுப்புக் கல். பாசியைத் தேய்த்ததும் பொன்னெழுத்துகள் தெரிந்தன. மிதக்கும் படகுத்துறைக்கான அடிக்கல். நட்டபோது அது கரையில்தான் இருந்தது. படகுத்துறை வரும் வரும் என்று கல் காத்திருந்தது. ஒன்றும் வராததால், கரையை அரித்து அரித்துக் கடலே வந்து அதைச் சேர்த்துக்கொண்டது.

அவள் போய்ச் சொன்னதும் வன்னியபெருமாள் எழுந்து கதவைச் சாத்தினார்.

“அடிக்கல்லுல மோதினதா எழுத முடியாதும்மா. படகுத்துறை எங்கன்னு கேப்பாங்க.”

“எங்க சார்?”

“கட்டி முடிச்சாச்சு.”

“எங்கன?”

“அதான், அந்தக் கல்லு இருக்கிற இடத்துல. நம்ம கணக்குப்படி அங்க கம்பீரமா நிக்குது.” சொல்லிக்கொண்டே வந்தவருக்குத் திடீரென்று முகம் மலர்ந்தது. “அப்படின்னா, படகு போய் மோதினது எதுல?”

“கல்லுல.”

“இல்லம்மா, படகுத்துறையில! படகு படகுத்துறையப் போய்த் தொட்டா அதுக்குப் பேரு விபத்தா? படகு கரை சேர்ந்திருக்கு!”

அன்று மாலையே மேலிடத்துக்குத் தகவல் போனது. கொற்கை இளவரசி தனது வெள்ளோட்டத்தில் மிதக்கும் படகுத்துறையை வெற்றிகரமாக வந்தடைந்தது என்று. டயானாவின் வேலை தப்பியது. மேலிடம் அவளுக்குப் பாராட்டும் தெரிவித்தது. வீட்டில் அம்மா பாயசம் வைத்தாள். ஆனால் விபத்தே நடக்காத படகுக்கு உதிரிபாகம் எப்படிக் கேட்பது? இளவரசி எண்ணெய் வடித்துக்கொண்டு நின்றது.

விழா நாள் வந்தது. சென்னையிலிருந்து இணை இயக்குநர் உமாராணி வந்திறங்கினார். கைத்தறிப் புடவை, கழுத்தில் சிப்பி மாலை, கையில் மூங்கிலால் செய்த தண்ணீர்ப் பாட்டில். முதல் சவாரிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்தார்கள். எல்லோரும் லைஃப் ஜாக்கெட்டுக்குள் முகம் புதைந்து வரிசையில் நின்றார்கள்.

வன்னியபெருமாள் டயானாவின் காதருகே வந்தார். “ஒரே ஒரு சுத்துதான். அஞ்சு நிமிஷம் ஓடாதா?”

“ஓடும் சார். ஆறாவது நிமிஷம் கியர் இறுகும். இன்னைக்குக் காத்தும் கரையிலருந்து கடலப் பாத்து வெலங்குறம் அடிக்கி. புள்ளையள இழுத்துக்கிட்டுப் போயிரும்.”

“உன் நிரந்தர உத்தரவு மேடம் பையில இருக்கும்மா. கையெழுத்துதான் பாக்கி.”

டயானா சாவியைப் பார்த்தாள். அம்மாவின் நேர்த்திக்கடனை நினைத்துக்கொண்டாள். வரிசையில் ஒரு சின்னப் பெண் ஜாக்கெட்டின் விசிலை எடுத்து ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுக்கடலில் அதை யார் கேட்பார்கள் என்று டயானாவுக்குத் தோன்றியது. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேரே உமாராணியிடம் போனாள்.

“மேடம், இந்தப் படகு ஓடாது. அவுட்டிரைவ் அடிபட்டிருக்கு. ஆள ஏத்திக்கிட்டு நான் ஓட்ட மாட்டேன்.”

மேளம் நின்றது. வன்னியபெருமாள் கடலைப் பார்த்தார், இன்னொரு கள ஆய்வுக்கு இறங்கிவிடலாமா என்பது போல. உமாராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஓடாதுன்னா? மெதுவாவா போகும்?”

“போகவே போகாது மேடம்.”

“புகை?”

“ஓடினாத்தான புகை வரும்.”

“எரிபொருள்?”

“வேண்டாம்.”

உமாராணி வன்னியபெருமாள் பக்கம் திரும்பினார். “உலகம் பூரா இப்ப எந்த டூரிசம் பத்திப் பேசிட்டிருக்காங்க?”

“சஸ்டெய்னபிள் டூரிசம், மேடம்.”

“தமிழ்ல?”

“நிலையான சுற்றுலா.”

“இதை விட நிலையா வேற எந்தப் படகு நிக்கும்? நேத்து ஒரு கருத்தரங்குல நாள் பூரா உட்கார்ந்து தேடினோம். நீங்க இங்க செஞ்சே வெச்சிருக்கீங்க!”

இளவரசியை டிராக்டரால் இழுத்து மணல்மேட்டில் ஏற்றி, அடியில் கட்டைகளை முட்டுக் கொடுத்தார்கள். முன்னால் இரண்டு பெரிய மின்விசிறிகள் வைத்தார்கள். பக்கவாட்டில் ஓர் ஆள் வாளியோடு நின்று அவ்வப்போது கடல்நீரை வீசினான். ஒலிபெருக்கியில் இன்ஜின் சத்தம் வந்தது. பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து கூச்சலிட்டார்கள். உமாராணி உத்தரவில் கையெழுத்துப் போட்டார். நிலையான படகுக்கு நிரந்தர கேப்டன் கிடைத்தாள்.

வேலை போகும் என்று தெரிந்தே சாவியைப் பையில் போட்டவள், வேலையோடு திரும்பி வந்தாள். சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று அவளுக்கு விளங்கவில்லை. இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாளிலிருந்து கூட்டம் வந்துவிட்டதால் யோசிக்க நேரமில்லை.

திருச்செந்தூருக்குப் போகிறவர்கள் வேனைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். கல்யாண ஜோடிகள் படகின் முன்முனையில் நின்று கை விரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கடல்தொழில்காரர்களே குடும்பத்தோடு வந்தார்கள். கடலுக்குப் போகும்போது ஒருநாளும் லைஃப் ஜாக்கெட் போடாதவர்கள், மணலில் நிற்கிற படகில் ஏற அதை இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள். டயானாவின் அப்பாவும் ஒருநாள் ஏறினார். இறங்கும்போது, “இன்னைக்கு அலை கொஞ்சம் கூடுதல்தான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆத்தூர் வெற்றிலை வியாபாரி அய்யாக்குட்டி பேத்தியோடு வந்த அன்றுதான் தகராறு.

“ஏளா, மெதுவா ஓட்டு. புள்ளைக்கித் தலை சுத்துதுல்லா.”

“அண்ணாச்சி, படகு மணல்ல நிக்கி.”

“என்னளா சொல்லுத? அப்பம் இத்தனை பேரும் கிறுக்கனுவளா?”

படகில் இருந்த எல்லோரும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். ஓட்டத் தெரியவில்லை என்றார் ஒருவர். வாய்த்துடுக்கு என்றார் இன்னொருவர். விஷயம் வன்னியபெருமாளிடம் போனது. பயணிகளின் அனுபவத்துக்கு ஊறு விளைவித்ததாக அவர் டயானாவை எச்சரித்தார். அவள் திரும்பி வந்து ஸ்டீரிங்கைப் பிடித்தாள். பிறகு வேகத்தைக் குறைத்தாள்.

“ஆங், இப்பம் சொகமா இருக்கு,” என்றார் அய்யாக்குட்டி. எல்லோரும் கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகு அவள் யாரிடமும் வாதாடவில்லை. வளைவு வந்தால் எல்லோரையும் கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். காற்று அதிகமான நாட்களில் சவாரியை ரத்து செய்தாள்.

பல மாதம் கழித்து ஒருநாள் மெல்வின் மினிலாரியில் வந்து இறங்கினான். எந்த அலுவலகத்தில் எந்தக் கை தவறியதோ, புது அவுட்டிரைவ் வந்து சேர்ந்துவிட்டது. பளபளவென்று புரொப்பல்லரும் இருந்தது. அவன் மணலில் ஓடி வந்து, படகில் நின்ற டயானாவைப் பார்த்துக் கத்தினான்.

“ஏளா, சாமான் வந்துட்டு! எல்லாரையும் இறங்கச் சொல்லு. சாயங்காலத்துக்குள்ள மாட்டித் தண்ணியில விட்டுருவோம்.”

டயானா ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. பதறிப்போய் அவனைப் பார்த்தாள்.

“என்னண்ணே பேசுதிய? இத்தனை பேர நடுக்கடல்ல எப்படி இறக்கி விட?”