பதினான்காம் மேஜையில் உங்கள் அத்தை

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் சொல்லச் சொல்ல உங்கள் அத்தை எழுதுவது. நாங்கள் இருவரும் நல்லபடியாகக் கரை சேர்ந்தோம். தரைதான் இன்னும் கொஞ்சம் ஆடுகிறது, அதுவும் நாளைக்குள் நின்றுவிடும். நீங்களும் எங்கள் மகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் வாயைத் திறந்தால் உங்களுக்கு ஆபீஸில் மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்துக்கு மீட்டிங் வராது. எனக்குக் கையெழுத்து என்றால் பெருவிரல்தான் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே இதில் எழுத்துப் பிழை இருந்தால் அத்தையைக் கேளுங்கள், விஷயத்தில் பிழை இருந்தால் என்னைக் கேளுங்கள், இருக்காது.

முப்பத்தொரு வருஷம் பயணிகள் கப்பலில் நின்றுகொண்டே பரிமாறினவன், ஒரு தடவையாவது உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று எங்கள் இருவருக்கும் ஐந்து நாள் கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுத்தீர்களே, அது பெரிய மனசு. ஆனால் மாப்பிள்ளை, நீங்கள் ஏற்றிவிட்ட கப்பலில் சாப்பாட்டு ஹாலே இல்லை. நீச்சல் குளம் மூன்று இருக்கிறது, சறுக்கு மரம் இருக்கிறது, நாய்க்குக் குளிக்க இடம் இருக்கிறது. சாப்பாட்டுக்கு மட்டும் ஆளுக்கொரு தட்டைக் கையில் கொடுத்து, போய் நீயே எடுத்துக்கோ என்று விட்டுவிடுகிறார்கள். என்ன இருக்கிறது என்று கேட்டால் சுவரில் கறையான் அரித்த மாதிரி ஒரு கட்டத்தைக் காட்டி, "போனை நேரா பிடிங்க சார், தெரியும்" என்கிறார்கள். அந்த ஒன்றில் எனக்குத் திருப்தி. படித்தவன் படிக்காதவன் வித்தியாசமில்லாமல் யாருக்கும் அது படிக்க வரவில்லை.

எங்கள் காலத்தில் சாப்பாட்டு வேளைக்கு ஒரு ஆள் வெண்கலத் தட்டை அடித்துக்கொண்டு ஒவ்வொரு தளமாக நடப்பான். முதல் பந்தி ஆறரைக்கு, இரண்டாம் பந்தி எட்டேகாலுக்கு. அவரவருக்கு ஏறின நாள் கொடுத்த நாற்காலிதான் இறங்குகிற வரைக்கும். தலைமைச் சமையல்காரர் மத்தியானமே அன்றைய பட்டியலை ஒரு தரம் வாசிப்பார். எனக்கு அந்த ஒரு தரம் போதும். மேஜையைக் கடிகாரமாக வைத்துக்கொள்வேன், வாசல் பக்க நாற்காலி பன்னிரண்டு மணி, அப்படியே சுற்றிக்கொண்டு போனால் யாருக்கு என்ன என்று வந்துவிடும். காகிதம் பென்சில் தொட்டதில்லை. பதினான்காம் மேஜை, மூன்று மணி நாற்காலி, ஓய்வு பெற்ற நீதிபதி. சூப்பில் வெங்காயம் கூடாது, ரொட்டியின் ஓரத்தை வெட்டிவிட வேண்டும். அவருக்கு எதிரே வைரத்தோட்டு அம்மா. ஒன்றுமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஐஸ்கிரீம் மூன்று தரம் கேட்பார். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு ஆர்டர் நான் தப்பாக எடுத்ததில்லை. இதை எழுதும்போதே அத்தை தொண்டையைக் கனைக்கிறாள், கடல் காற்றில் சளி பிடித்துக்கொண்டது போலிருக்கிறது.

அந்தப் பதினான்காம் மேஜை ஜன்னலோரம். கல்யாணம் முடிந்து இருபதாம் நாள் நான் கப்பல் ஏறினேன். வழியனுப்ப வந்த உங்கள் அத்தை, கரையிலிருந்து அண்ணாந்து பார்த்து, "அந்த ஜன்னல்தானா நீங்க சொன்னது?" என்றாள். "அதேதான்." "ஒரு நாள் அங்க உக்கார வைப்பீங்களா?" "வைக்கிறேன்" என்றேன். அந்தக் கம்பெனியில் பரிமாறுகிறவன் வீட்டு ஆட்களை ஹாலுக்குள் விட மாட்டார்கள். அப்புறம் கப்பலையே உடைக்க விற்றுவிட்டார்கள். அந்த வாக்கு மட்டும் நெஞ்சில் மீன் முள் மாதிரி நின்றுவிட்டது. நீங்கள் டிக்கெட்டை நீட்டினபோது ஜன்னலோரம் இடம் உண்டா என்று கேட்டேனே, இதுதான் காரணம்.

இப்போது நினைத்துப் பாருங்கள். ஏறின முதல் நாள், அரைக்கால் சட்டை போட்ட ஒரு மனிதர் பின்னால் உங்கள் அத்தை வெறும் தட்டோடு வரிசையில் நிற்கிறாள். தட்டைப் பிடுங்கி வைத்துவிட்டு அவளை ஜன்னலோரம் ஒரு மேஜையில் உட்கார வைத்தேன். அறைக்குப் போய்ப் படுக்கை விரிப்பை உருவி வந்து மேஜையில் விரித்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று பெட்டிக்கு அடியில் என் பழைய வெள்ளைக் கோட்டு வைத்திருந்தேன், அதைப் போட்டுக்கொண்டேன். மேல் பட்டனுக்கு வயிறு தடை சொல்லவில்லை, மற்றவை வரவில்லை. சூப்பை இடது தோள் பக்கமாக வைத்தேன். அத்தை சுற்றுமுற்றும் பார்த்து, "நீங்களும் உக்காருங்களேன், எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். பரிமாறுகிறவன் உட்கார்ந்தால் ஹால் என்னத்துக்கு ஆகும்? "அம்மா சாப்பிடுங்க" என்று ஒரு எட்டுப் பின்னால் நின்றுகொண்டேன்.

இரண்டாம் நாள் பக்கத்து மேஜைக்காரர் விரலைச் சொடுக்கி, "அண்ணே, இங்க ரெண்டு காபி, ஒண்ணுல சர்க்கரை வேணாம்" என்றார். கூப்பிட்ட பிறகு எப்படி இல்லையென்பது? கொடுத்தேன். மூன்றாம் நாள் ஆறு மேஜை என் கையில். காகிதமில்லாமல் இருபத்திரண்டு பேர், ஒன்று தவறவில்லை மாப்பிள்ளை! சாப்பாட்டுப் பகுதி மேனேஜரம்மா வந்தார். "சார், நீங்க எந்த ஷிப்ட்?" "முப்பத்தொரு வருஷ ஷிப்ட்மா." கையிலிருந்த பலகையில் வேலைக்காரர் பட்டியலில் தேடினார், இல்லை. பயணிகள் பட்டியலில் தேடினார், இருந்தேன். "சார், நீங்க விருந்தாளி. தயவுசெஞ்சு உக்காருங்க, எங்களுக்குச் சங்கடமா இருக்கு." சரியென்று அவர் திரும்பிப் போகிற வரைக்கும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். முதுகு வலித்தது. நாலாம் நாள் கடல் லேசாகப் புரண்டது. அப்படிப்பட்ட நாளில் மேஜை விரிப்பில் தண்ணீர் தெளித்து நனைத்தால் தட்டு வழுக்காது, அது எங்கள் தொழில் முறை. ஒரு ஜாடி தெளித்தேன். "கடல் வெளியிலதானே இருக்கு, என் மடியில எதுக்கு?" என்றாள் உங்கள் அத்தை. தட்டு வழுக்கவில்லை என்பதையும் அவள் இங்கே எழுத வேண்டும்.

பெருமையாக ஒன்று சொல்கிறேன். எங்கள் தொழிலில், சாப்பிடுகிறவர் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டால் முடிந்தது என்று அர்த்தம், வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, நாம் வலது பக்கமாக வந்து எடுத்துவிட வேண்டும். யாரும் சொல்லிக் கொடுக்காமலே உங்கள் அத்தை அந்த நாசூக்கைப் பிடித்துக்கொண்டாள். நாலு வாய் சாப்பிடுவாள், கரண்டியை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பாள், மறு நிமிஷம் தட்டு மேஜையில் இருக்காது. பெரிய வீட்டு அம்மாள்கூட அவளிடம் தோற்றாள். நாற்பத்தாறு வருஷத்து வாக்கு நிறைவேறிவிட்டது, அந்த முள் இறங்கிவிட்டது. ஆகவே இன்னொரு தரம் கப்பல் டிக்கெட் எடுக்கிற சிரமம் உங்களுக்கு வேண்டாம். எங்கள் ஆசை இவ்வளவுதான், முழுசாகத் தீர்ந்தது.

நீங்கள் இருவரும் எந்நாளும் நிறைந்த மேஜையில் உட்கார்ந்து, சூடு ஆறுமுன் சாப்பிட்டு, நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
(பெருவிரல் ரேகை, கொஞ்சம் கலைந்திருக்கிறது)

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இது அத்தை. கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டும்போது மேலே உள்ள ரேகையோடு நிறுத்திவிடுவேன். எனக்குச் சளி கிடையாது. ஐந்து நாளும் நான் அரை வயிறு. அறையில் பிஸ்கெட் தின்றேன். கரண்டியைக் கீழே வைத்தது சாப்பிட்டு முடித்து அல்ல, "வந்து உக்காருங்க" என்று அவரைக் கூப்பிட. வாயைத் திறக்குமுன் தட்டு போய்விடும். நீதிபதியின் வெங்காயம் ஞாபகமிருக்கிற மனிதருக்கு நான் கரையில் நின்று கேட்டது முழுதாக ஞாபகமில்லை. "உக்கார வைப்பீங்களா" என்று நான் கேட்கவில்லை. "ரெண்டு பேரும் அங்க உக்காந்து சாப்பிடுவோமா" என்றுதான் கேட்டேன். அவர் தப்பாக எடுத்த ஒரே ஆர்டர் அதுதான். ஆகவே இன்னொரு தரம் டிக்கெட் எடுங்கள், அவரிடம் சொல்ல வேண்டாம். வெள்ளைக் கோட்டை நான் ஒளித்து வைத்துக்கொள்கிறேன். இன்னும் நிறைய எழுத வேண்டும், ஆனால் பேனாவைக் கீழே வைக்கப் பயமாக இருக்கிறது. வலது பக்கமாக வந்து நிற்கிறார்.