தெரியாது என்று சொல்ல வந்தவர்

எல்லாம் தெரிந்தவரை உங்களுக்குத் தெரியும். தெரியாததையும் தெரிந்ததுபோல் அளப்பவரையும் தெரியும். அந்த இரண்டு இனத்தையும் ஆளாளுக்குக் கிண்டல் செய்து ஓய்ந்தாகிவிட்டது. நான் சொல்ல வந்தது மூன்றாவது இனம். தனக்கு ஒன்றும் தெரியாது என்பதைத் தெரிவிப்பதற்காகவே வேலை மெனக்கெட்டுக் கணினியைத் திறந்து, மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, கடவுச்சொல் எழுதி வைத்த காலண்டரைப் புரட்டி, ஒற்றை விரலால் தட்டித் தட்டி, 'எனக்குத் தெரியாது' என்று எழுதி, அடியில் பெயரும் போட்டுவிட்டுப் போகிறாரே, அவர்.

பார்த்ததில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். இணையக் கடையில் ஒரு பூட்ஸ் வாங்கலாம் என்று போகிறீர்கள். யாரோ கேட்டிருக்கிறார்: 'அகலமான பாதத்துக்கு இது பொருந்துமா?' கீழே பதில்: 'தெரியாது. என் பேரனுக்கு வாங்கினேன். அவனுக்கு ஒல்லிக் கால்.' பனி ஏரியில் மீன் பிடிக்க ஒரு கூடாரம். 'இதை ஒருவர் தனியாக விரிக்க முடியுமா?' பதில்: 'தெரியாது. நாங்கள் இரண்டு பேர் போனோம்.' சரி, கடையை விடுங்கள், எங்கள் ஊர்க்காரர்கள் எழுதும் இணையப் பக்கத்துக்கு வாருங்கள். ஜனவரி மாதம், பனிப்புயல், கைபேசியில் கடைசிச் சொட்டு மின்சாரத்தை வைத்துக்கொண்டு ஒருவர் கேட்கிறார்: 'மூன்றாவது தெருவில் யாருக்காவது கரண்ட் இருக்கிறதா?' உடனே எங்கள் ஊர் க்ளாடிஸ் எழுதுகிறார்: 'எனக்குத் தெரியாது. நவம்பரிலிருந்து அரிசோனாவில் இருக்கிறோம். இங்கே நல்ல வெயில்.' கூடவே ஆரஞ்சு மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று. அதற்குக் கீழே ஏழு பேர், 'அழகான படம், க்ளாடிஸ்.' கரண்ட்? அது யாருக்கு வேண்டும்?

இந்த இனத்தில் தலைசிறந்த ஒருவர் என் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி இருக்கிறார். பெயர் டெல்மர் லுண்ட். வயது எழுபத்தொன்று. எங்கள் ஊர் ஓல்சன் லேக் தபால் நிலையத்தில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரால் நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன். அவரால் என்றா சொன்னேன்? கடைசியில் நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

எங்கள் சமையலறைக் குழாய் வெளிச்சுவரை ஒட்டிப் போகிறது. போன குளிர்காலத்துக்கு முந்தியதில் அது உறைந்து வெடித்து, சமையலறைத் தரை ஊறிப்போய்ப் பாழானது. அன்றிலிருந்து என் மனைவி லவான் புதுத் தரை கேட்டாள். ஒரு தடவைதான் கேட்டாள். எங்கள் ஊரில் ஒரு தடவைக்கு மேல் கேட்பது சண்டைக்குச் சமம். அதற்குப் பதிலாக, பிய்ந்து கிடந்த பலகைகளின் மேல் இரண்டு வருடம் சத்தம் போடாமல் நடந்து காட்டினாள். இந்த அக்டோபரில்தான் மேப்பிள் மரத்தில் புதுத் தரை போட்டோம். காலையில் காப்பிக் கோப்பையோடு நின்று அவள் அதைப் பார்க்கிற பார்வையை என் பக்கம் அவள் திருப்பிப் பல வருடமாகிறது.

அந்தத் தரையைக் காப்பாற்றத்தான் குழாயைச் சூடாக வைக்கும் மின்கம்பி ஒன்றை இணையத்தில் வாங்கினேன். குழாயோடு சேர்த்துக் கட்டி மின்சாரத்தில் செருகினால் போதும். செருகினேன். அதன் முனையில் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. வேலை செய்கிறது என்று கண்ணடிக்கிறதா, பழுது என்று அலறுகிறதா? பெட்டியில் இருந்த தாளில் ஒரு எழுத்துக்கூட இல்லை. சிரிக்கும் மனிதன் ஒருவன், அழும் மனிதன் ஒருவன், நடுவில் ஒரு குழாய், அவ்வளவுதான். வெளியே ஃபாரன்ஹீட் கணக்கில் பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு டிகிரி. விடிவதற்குள் இருபத்தெட்டுக்குப் போகும் என்று வானொலியில் சொல்லியாகிவிட்டது.

கம்பெனியின் இணையப் பக்கத்துக்குப் போனேன். அங்கே மனிதர் யாரும் இல்லை. 'ஸ்பார்க்கி' என்று ஓர் இயந்திரம் குதித்து வந்து நலம் விசாரித்தது. சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிகிறது என்று எழுதினேன். 'சிவப்பு அருமையான தேர்வு! வேறு நிறங்களையும் பார்க்க விரும்புகிறீர்களா?' என்றது. தொலைபேசியில் கூப்பிட்டேன். வரிசையில் நான் அறுபத்துமூன்றாவது ஆள் என்றார்கள். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு அறுபத்துநான்காவது ஆள் ஆனேன். எப்படி என்று கேட்காதீர்கள்.

கடைசியில், கம்பியை வாங்கிய இணையக் கடையின் பக்கத்தில் என் கேள்வியைப் போட்டேன். அந்தக் கடை என்ன செய்யும் தெரியுமா? முன்பு அதே பொருளை வாங்கிய எல்லாருக்கும், அவரவர் பெயரைப் போட்டு, 'உங்களால் இவருக்கு உதவ முடியுமா?' என்று ஒரு மின்னஞ்சலைத் தட்டிவிடும். ஒரு மணி நேரத்தில் பதினான்கு பதில் வந்தது. நாட்டில் இன்னும் நல்லவர்கள் இருக்கிறார்கள் என்று நெகிழ்ந்துபோய்த் திறந்தேன். முதல் பதில்: 'தெரியாது. மச்சானுக்கு வாங்கினேன். இப்படிக்கு, டி. லுண்ட், ஓல்சன் லேக்.' இரண்டாவது: 'இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை.' மூன்றாவது: 'என்னுடையதில் பச்சை விளக்கு. வாழ்த்துகள்.' நான்காவது: 'எனக்கும் இதே சந்தேகம், பதில் வந்தால் எனக்கும் சொல்லவும்.' ஒருவர் பார்சல் சீக்கிரம் வந்ததற்காக ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார். இப்படியே போய், பதினான்காவதில்தான் ஒரு ஆண்மகன் பேசினார். பெயர் 'பனிக்கரடி77'. 'விட்டு விட்டு எரிந்தால் நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். இருபது வருடமாக இந்தக் கம்பியோடுதான் பழகுகிறேன். நிம்மதியாகப் படுங்கள்.'

நெஞ்சில் பால் வார்த்தார் கரடி. ஆனாலும் அந்த லுண்ட் மேல் எரிச்சல் அடங்கவில்லை. மூன்று வீடு தள்ளி இருக்கிற மனுஷன் என் கேள்விக்கு இணையம் வழியாகச் சுற்றி வந்து தெரியாது என்கிறார். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"வாப்பா நார்ம், காப்பி குடிக்கிறியா?"

"வேணாம் டெல்மர், இப்பதான் குடிச்சேன்."

"கொஞ்சமா?"

"சிரமப்படாதீங்க."

"போட்டது இருக்குப்பா."

"சரி, இருந்தா ஒரு சொட்டு."

இதை முடிக்காமல் எங்கள் ஊரில் எந்தச் சண்டையையும் ஆரம்பிக்க முடியாது. காப்பியோடு எலுமிச்சை பார் என்கிற இனிப்புத் துண்டுகள் ஒரு தட்டு வந்தது. வாயில் அதை வைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

"டெல்மர், தெரியாதுன்னா சும்மா இருக்க வேண்டியதுதானே. எதுக்கு எழுதுறீங்க?"

"கேட்டிருந்தாங்களேப்பா. 'டெல்மர், உங்களால உதவ முடியுமா'ன்னு. முடியலை. முடியலைன்னு எழுதினேன்."

"அது மெஷின் அனுப்புறது. எல்லாருக்கும் போகும்."

"மேல என் பேரு இருந்துச்சே." கோப்பையைக் கீழே வைத்தார். "முப்பத்திநாலு வருஷம் நான் பார்த்திருக்கேன் நார்ம். தினம் தபாலாபீஸுக்கு வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு, எனக்கு ஏதாவது வந்திருக்கான்னு கேப்பாங்க. இல்லைங்கறதும் ஒரு பதில்தான். அதை வாங்கிக்கிட்டாத்தான் வீட்டுக்குப் போவாங்க."

அதோடு விட்டாரா? எனக்காக, குளிருக்குப் பயந்து அரிசோனா போயிருக்கும் மச்சான் வெர்லினை வேறு தொலைபேசியில் கூப்பிட்டார். வெர்லின், தான் அந்தப் பெட்டியைப் பார்த்ததே இல்லை என்றும், அங்கே எண்பது டிகிரி வெயில் என்றும், தன் மனைவி க்ளாடிஸ் எல்லாரையும் விசாரித்ததாகவும் சொன்னார். நான் எழுந்தேன். கேட்க வந்த நாலு வார்த்தையில் மூன்று 'நன்றி'யாகவும் ஒன்று 'வரேன்' ஆகவும் முடிந்தது. வாசல்வரை வந்த டெல்மர், மிச்சப் பாரை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தபடி சொன்னார்:

"அந்தக் கரடி எழுதினதைப் படிச்சேன். இருபது வருஷம்ங்கிறாரு. இந்தக் கம்பியே போன வருஷம்தான் விக்க வந்துச்சு. எனக்கு ஒண்ணும் தெரியாது. இருந்தாலும் இன்னிக்கு ராத்திரி குழாயைச் சொட்ட விட்டு வை, ஓடுற தண்ணி சீக்கிரம் உறையாது."

கேட்டேனா? தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்கிறவரிடம் புத்தி கேட்க எந்த மடையனுக்கு மனம் வரும்? கரடிக்கு இருபது வருட அனுபவம். கரடி படுக்கச் சொன்னது. படுத்தேன்.

காலையில் லவான் குழாயைத் திறந்தாள். ஒரு செருமல் வந்தது, தண்ணீர் வரவில்லை. குழாய் உறைந்து கிடந்தது. எப்படியோ விஷயம் தெரிந்து, டெல்மர் தன் காலஞ்சென்ற மனைவியின் ரோஜா நிறத் தலைமுடி உலர்த்தியோடு வந்து நின்றார். "இது உதவுமான்னு தெரியாது," என்றார். உதவியது. அரை மணி நேரத்தில் பனி இளகியது, இளகியதும் இரவே விரிசல் விட்டிருந்த இடம் பிளந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. நான் நிலவறைக்கு ஓடி வால்வை மூடுவதற்குள் மேப்பிள் தரை முழுக்க நனைந்து இடுக்கெல்லாம் தண்ணீர் இறங்கிவிட்டது.

லவான் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாள். "இதைவிட மோசமா இருந்திருக்கலாம்," என்றாள். அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு, தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் காப்பி. மைரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மைரன் ஊருக்கே குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைச் சொன்னேன். தலையை ஆட்டினார்.

"ஓ, அந்த மெயில் நீ கேட்டதுதானா. எனக்கும் வந்துச்சு. என்கிட்டயும் அதே கம்பி இருக்கு. விட்டு விட்டு எரிஞ்சா பழுது. பிடுங்கிட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சுத் திரும்பச் செருகினா சரியாயிடும்."

"தெரியும்னா ஏன் எழுதலை?"

"யாராவது சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன்."

லவான் கோப்பையைக் கீழே வைத்தாள். "பதினாலு பேர் சொன்னாங்க, மைரன்," என்றாள்.

மூன்று வாரம் மைரனைத் திட்டினேன். வாயைத் திறந்து அல்ல, நாங்கள் அப்படியெல்லாம் செய்ய மாட்டோம். தெருவில் அவர் கையாட்டினால் ஒரு விரல் குறைத்துக் கையாட்டினேன். தெரிந்தவன் வாயை மூடிக்கொள்கிறான், தெரியாதவன் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறான், உலகம் உருப்படுமா என்று லவானிடம் புலம்பினேன். அவள் அலையலையாக எழும்பிய தரையில் தடுக்காமல் நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை எனக்கு ஒரு மின்னஞ்சல். 'நார்ம், உங்களால் இவருக்கு உதவ முடியுமா?' எல்லைக்கு வடக்கே மானிடோபாவிலிருந்து ஒரு பெண் கேட்டிருந்தாள்: 'அம்மா வீட்டுக் குழாயில் இந்தக் கம்பியைக் கட்டிவிட்டு வந்தேன். சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிகிறதாம். இது பழுதா? அம்மா தனியாக இருக்கிறார்.'

துள்ளி உட்கார்ந்தேன். இந்தக் கண்டத்திலேயே இதற்குப் பதில் தெரிந்த இரண்டு பேரில் நான் ஒருவன். பதில் எழுதும் இடத்தைத் தொட்டேன். கடவுச்சொல் கேட்டது. கொடுத்தேன். தவறு என்றது. புதிதாக ஒன்று போடச் சொன்னது. போட்டேன். இது உங்கள் பழைய கடவுச்சொல்லாயிற்றே என்றது. பிறகு நான் இயந்திரம் இல்லை என்று நிரூபிக்கச் சொல்லி ஒன்பது படங்களைக் காட்டி, மிதிவண்டி உள்ள கட்டங்களைத் தொடு என்றது. மூலையில் சக்கரத்தின் விளிம்பு மட்டும் தெரிகிறதே, அது மிதிவண்டியில் சேர்த்தியா இல்லையா? மூன்று தடவை தோற்றேன். அதற்குள் வாசலில் நண்பர் ஒருவரின் வண்டி வந்து நின்றது, ஏரியில் மீன் நன்றாகத் தூண்டிலைக் கடிக்கிறதாம். கணினியை மூடினேன். யாராவது சொல்லியிருப்பார்கள்.

மீனோடு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது லவான் கைபேசியில் எதையோ படித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மானிடோபாப் பொண்ணு கேட்டதுக்கு டெல்மர் எழுதியிருக்காரு. படிக்கவா?"

"என்ன புதுசா எழுதப் போறாரு? தெரியாதுன்னு இருக்கும்."

அவள் படித்தாள். 'தெரியாது. மச்சானுக்கு வாங்கினேன். ஆனால் எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி நார்ம் என்று ஒருவர் இருக்கிறார். அவருக்கு இது நன்றாகத் தெரியும், பட்டு அறிந்தவர். உங்கள் கடிதம் அவருக்கும் வந்திருக்கும். நல்ல மனிதர், கட்டாயம் எழுதுவார். காத்திருங்கள். இப்படிக்கு, டி. லுண்ட், ஓல்சன் லேக்.'

கைபேசியை மேசைமேல் வைத்தாள். "காலையில போட்டது. இவருக்குக் கீழ வேற யாரும் எழுதலை," என்றாள். "நீ எழுதிட்டியா?"

நான் தரையைப் பார்த்தேன். பிறகு எழுந்துபோய் என் மூக்குக் கண்ணாடியைத் தேட ஆரம்பித்தேன்.

வாசகரே, நாமும் ஒரு டெல்மர் லுண்டாக இருப்போமோ என்று இத்தனை நேரம் உள்ளுக்குள் பயந்திருப்பீர்கள். பயப்படாதீர்கள். அவ்வளவு மரியாதை தெரிந்தவர்கள் நம்மில் அதிகம் இல்லை. அது இருக்கட்டும், போன வாரம் உங்கள் பெயரைப் போட்டு ஒரு கேள்வி வந்ததே, திறந்து பார்த்துவிட்டு மூடினீர்களே, அதற்கு உங்களுக்குப் பதில் தெரியும்தானே?