பதினோரு நாள் தீர்க்கதரிசி

நானும் ஒரு காலத்தில் தீர்க்கதரிசியாக இருந்தவன்தான். மொத்தம் பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள், பூண்டு எண்ணெயோடு வந்த ஒரு நல்ல மனுஷியால் பதவி பறிபோனது.

எனக்கு வாடிப்பட்டி. நிச்சயம் செய்திருந்த ஜெசிக்கு சமயநல்லூர். கல்யாணத்துக்கு முன்பு பெண்ணோடு பேச எங்கள் சித்தப்பாக்கள் எல்லாம் படாதபாடு பட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை, கையில் அன்லிமிடெட் டேட்டா இருந்தது. பேச்சுதான் இல்லை. "சாப்பிட்டீங்களா?" என்பேன். "சாப்பிட்டேன், நீங்க?" என்பாள். அதோடு சரி. (வீடியோ கால் இன்னும் மோசம். நான் முழிப்பது அவளுக்குத் தெரிந்துவிடும்.)

ஒரு சாயங்காலம் அவரவர் வீட்டில் கிரிக்கெட் பார்த்தபடியே பேசிக்கொண்டிருந்தோம். நான் "அடடா, அவுட்" என்றேன். அங்கே சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் அப்பா "அவுட்டு, அவுட்டு" என்று கத்துவது ஃபோனில் கேட்டது. எங்கள் வீட்டில் அம்மாவின் சீரியலுக்காக வைத்திருந்த பழைய கேபிள். அவர்கள் வீட்டு டிவி இன்டர்நெட்டில் ஓடுவது. அதில் ஆட்டம் அரை நிமிடம் பிந்தித்தான் வரும்.

"அவுட்டாவான்னு எப்படித் தெரியும்?" என்றாள் ஜெசி.

"அவன் நிக்கிற நிலையைப் பாத்தாலே தெரிஞ்சிரும்" என்றேன். (பள்ளிக்கூட டீமில் நான் தண்ணீர் பாட்டில் தூக்கியவன்.)

அன்றிலிருந்து பேச்சுக்குப் பஞ்சமில்லை. அடுத்த பந்து ஃபோர், இது சிக்ஸ் என்று நான் சொல்லச் சொல்ல, ஜெசி அதை அப்பாவிடம் சொன்னாள். மாமா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஃபெயிலானவனை நான் அடிச்சதே இல்ல. பொய் சொன்னவனைத்தான் அடிச்சிருக்கேன்" என்று பெருமையாகச் சொல்வார். அவர் என்னை அப்படியே நம்பினார். உண்மை தெரிந்தால் பெண் கொடுப்பாரா என்ற பயத்தில் எனக்குத் தூக்கம் போனது. ஆனாலும் ஃபோனை எடுத்தால் வாய் நிற்கவில்லை.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், ஆட்சேபனை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று போதகர் அறிவிப்பார். முதல் ஓலைக்கு மாமா என்னைத் தங்கள் கோவிலுக்கே வரச் சொன்னார். ஆராதனை முடிந்து, வீட்டில் கறி விருந்து. மத்தியானம் ஆட்டம். கூடத்தில் சொந்தக்காரர்கள் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"மாப்ள, இங்கன முன்னாடி வாங்க. நான் சொன்னா இவுக ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாக" என்றார் மாமா.

இப்படி நடக்கும் என்று எதிர்பார்த்து (தீர்க்கதரிசி அல்லவா) தயாராகத்தான் போயிருந்தேன். ஒரு காதில் வயரில்லாத இயர்போன், அதன் மேல் பஞ்சு. கேட்டவர்களிடம் காதுவலி என்றேன். வாடிப்பட்டியில் அம்மா கேபிள் முன்னால் ஃபோனோடு உட்கார்ந்திருந்தார். கிரிக்கெட்டில் அம்மாவுக்கு நான் கற்றுக்கொடுத்தது அம்பயரின் கைகளை மட்டும்.

"ராசா, கையை வீசுறாரு" என்றது காது. "ஃபோர்" என்றேன். வந்தது. "ஒத்த வெரலைத் தூக்கிட்டாரு." "அவுட்" என்றேன். கூடமே கை தட்டியது. தன் பிள்ளை மாநில ரேங்க் வாங்கியதுபோல மாமா எல்லோரையும் திரும்பிப் பார்த்தார். ஜெசி அடுக்களை வாசலில் நின்று சிரித்தாள். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

"மறுபடியும் ஒத்த வெரலு ராசா. இன்னொருக்கவும்." அடுத்த இரண்டு பந்தும் அவுட் என்று அறிவித்தேன். ஒருவரும் அவுட்டாகவில்லை. அம்மா ரீப்ளேயைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"காதுவலியோட எப்படிய்யா கவனம் நிக்கும்?" என்று மாமா எனக்காக வாதாடினார். அதைக் கேட்ட அத்தை உள்ளே போய்ப் பூண்டு எண்ணெய் காய்ச்சிக்கொண்டு வந்துவிட்டார்.

"தலையைச் சாய்ங்க தம்பி. வெதுவெதுன்னுதான் இருக்கு."

"வேண்டாம் அத்தை, இப்ப வலிக்கல."

"கூச்சப்படாதீக" என்று பஞ்சை இழுத்தார். கூடவே இயர்போனும் அவர் உள்ளங்கையில் விழுந்தது. ஏதோ சத்தம் வரவே எடுத்துத் தன் காதில் வைத்தார்.

"அடடே, சம்பந்தியம்மா. சாப்பிட்டீகளா?"

பிறகு அங்கிருந்து வந்ததை அத்தை ஒன்றுவிடாமல் கூடத்துக்குச் சொன்னார். "கேபிள்ல முன்னாடியே வந்துருமாம். மாப்ளைக்குப் பேசத் தெரியாதாம். ஜெசியை அம்புட்டுப் புடிக்குமாம். ஃபோனை வச்சிட்டா மொகம் வாடிப் போகுமாம், அதான் இம்புட்டுப் பொய்யுமாம்."

நான் எழுந்து நின்றேன். "தப்புதான் மாமா" என்றேன்.

"எனக்கு மொத நாளே தெரியும்ப்பா. அவுக வீட்டு டிவி சத்தம் ஃபோன்ல கேக்கும்ல" என்றாள் ஜெசி.

"அப்புறம் ஏன் சொல்லல?" என்றார் மாமா.

"சொன்னா ஃபோன் போடுறதை நிறுத்திருவாகளோன்னுதான்."

இருபது பேர் முன்னால் அவமானப்பட்டு நின்ற எனக்கு அந்த ஒரு வார்த்தையில் கண் கலங்கிவிட்டது. இவள் கிடைக்காமல் போய்விட்டால் என்ன செய்வேன் என்று இருந்தது. மாமா டிவியை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த வாரம் முழுவதும் ஃபோனும் இல்லை.

இரண்டாம் ஓலைக்கு யாரும் கூப்பிடாமலே போய், மாமாவுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். போதகர் எங்கள் பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார். மாமா மெதுவாகத் திரும்பினார்.

"ஆட்சேபனை வருமா வராதா மாப்ள? அரை நிமிசம் முன்னாடியே சொல்லுங்க."

"வராது மாமா" என்றேன். வரவில்லை.

இப்போது எங்கள் வீட்டிலும் இன்டர்நெட் டிவிதான். மாமா மட்டும் ஆள் பிடித்துத் தன் வீட்டுக்குக் கேபிள் இழுத்துக்கொண்டார். ஆட்டம் சூடு பிடிக்கும் நேரம் பார்த்து ஃபோன் வரும்.

"மாப்ள, அடுத்த பந்து சிக்ஸ்."

ஜெசி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பிப்பாள். நானும் கேட்டாக வேண்டும். "எப்படி மாமா தெரியும்?"

"அவன் நிக்கிற நிலையைப் பாத்தாலே தெரிஞ்சிரும்" என்பார்.