மக்காத பை

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குப் பேராசிரியை ஆய்வுக்கூடத்தின் பின்புறக் குழியைத் தோண்டினார். உள்ளே புதைத்திருந்த பை வெளியே வந்தது. மண்ணைத் தட்டிவிட்டுப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை.

"போன வாரத்தைவிடப் பளபளன்னு இருக்கு மேடம்," என்றாள் ஆராய்ச்சி மாணவி.

"வாயைக் கழுவு."

சோள மாவிலிருந்து செய்த, மண்ணில் மக்கும் பிளாஸ்டிக். செய்முறை பல்கலைக்கழகத்துடையது. பையாக வார்த்துத் தருவது கம்பெனி. பை மக்கினால் ஆலையில் தனி இயந்திரம் போடுவார்கள். மக்காவிட்டால் கூட்டு முறியும். பேராசிரியையின் இத்தனை வருட உழைப்பும் அந்தக் குழியோடு சரி.

வாராவாரம் பைக்கட்டு கொண்டுவரும் கம்பெனி வேன் டிரைவர், கையெழுத்துக்காக விடியற்காலையிலேயே வந்து காத்திருப்பார். அவர் குழியை எட்டிப் பார்த்தார்.

"நம்ம கம்பெனி சரக்கு மேடம். அவ்வளவு சீக்கிரம் கெடாது!"

பேராசிரியை பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அன்றே கேன்டீன் கழிவைக் குழியில் கொட்டினார். மக்கவைக்கும் கிருமிகள் வரவில்லை. நாய்கள் வந்தன.

அடுத்து மண்புழு விட்டார். புழுக்களுக்குச் சூடு போதவில்லை என்று மாணவி சொன்னாள். வெந்நீர் ஊற்றினார்கள். புழுக்கள் மிதந்தன.

"நீதானே சொன்னே?"

"வெதுவெதுப்பான்னு சொன்னேன் மேடம்."

அடுத்த செவ்வாய் தோண்டினார்கள். பை மடிப்புக் கலையாமல் இருந்தது.

பேராசிரியை செய்முறையிலேயே கை வைத்தார். மாவை இரண்டு மடங்காக்கச் சொன்னார். கம்பெனி வார்த்தது. நாலாம் நாள் மேலாளரிடமிருந்து போன்.

"மேடம், கோடவுன்ல இருந்த பையெல்லாம் எலி தின்னுடுச்சு."

"ரொம்ப நல்லது. எலி தின்னா மண்ணும் தின்னும்."

"மண்ணு தின்னுச்சா?"

தின்னவில்லை. அடுத்த செவ்வாயும் பை கல்யாண மாப்பிள்ளை மாதிரி வெளியே வந்தது.

"விட்டுடலாமா மேடம்?" என்றாள் மாணவி.

"நான் மக்கினாலும் மக்குவேன், விட மாட்டேன்."

அதற்கடுத்த வாரம் மேலாளரே வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு குழியருகே நின்றார். பை வழக்கம்போல் மின்னியது.

"இதை உடுத்திக்கிட்டு ஆபீஸ் போகலாம் போலிருக்கே மேடம்! ஒப்பந்தத்தை முடிச்சுக்கலாம்."

"இன்னும் ஒரே ஒரு மாசம்."

"இதுவரைக்கும் மக்காதது ஒரு மாசத்துல மக்கிடுமா?"

"நாய் கிளறுது, நாங்க வாராவாரம் கிளறுறோம். மண்ணு எப்படி வேலை செய்யும்? இரும்பு மூடி போட்டுப் பூட்டிடறேன். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். ஒரு மாசம் கழிச்சு நீங்களே திறங்க. அப்பவும் மக்கலேன்னா நானே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"சரி," என்றார் மேலாளர். சாவிக்காகக் கையை நீட்டினார். பை மறுபடியும் மண்ணுக்குள் போனது. மூடி இறங்கியது. பூட்டு விழுந்தது. சாவி அவர் சட்டைப் பைக்குள் போனது.

பேராசிரியை மூச்சு விட்டார்.

பைக்கட்டோடு நின்றிருந்த டிரைவர் பதறிப்போய் முன்னால் வந்தார்.

"பூட்டிட்டா எப்படி சார்? உள்ளே வைக்கிற பை ஒவ்வொரு வாரமும் இத்துப்போய், தொட்டா உதிருது. மேடம் கண்ணுல பட்டா நம்ம கம்பெனி மானம் போயிடுமேன்னு, அவங்க வர்றதுக்கு முன்னாடி நான்தானே தோண்டிப் புதுசு வெச்சு மூடறேன்... இனிமே யாரு சார் மாத்துவா?"